கூரை வேலையும் அளந்த சொல்லும்

ஜூன் மாதம் பிறந்து பத்து நாள் கழிந்தால் மும்பையில் பருவமழை இறங்கிவிடும். வானிலைத் துறையார் இந்நகருக்குக் குறித்திருக்கும் வழக்கமான நாள் ஜூன் 11. அன்று தொடங்கி நான்கு மாத காலம், செல்வரும் வறியவரும் ஒருங்கே அண்ணாந்து பார்ப்பது தத்தம் வீட்டுக் கூரையைத்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறிய நமக்கு மழை புதிதன்று. ஆயினும் நாம் பழகிய மழை வேறு, இந்த மழை வேறு. ஐப்பசி கார்த்திகையில் நம் ஊர்களில் அடைமழை பெய்யும். சில நாள் ஊறும். பிறகு வெயில் வந்து சுவரையும் ஓட்டையும் உலர்த்திவிடும். இங்கோ கூரைக்கு உலர ஓய்வே கிடையாது. ஜூலை ஒரு மாதத்தில் மட்டும் சாந்தாகுரூஸ் நிலையத்தில் பதிவாகும் சராசரி மழை 800 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. பாளையங்கோட்டையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழைகூட அவ்வளவு இராது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி, அதே நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை இந்நகரத்தார் எவரும் மறக்கமாட்டார். ஆகவே ஊரில் பல்லாண்டு ஒழுகாமல் நின்ற கூரையை அப்படியே இங்கே வேய்ந்தால், அது ஒரு பருவமேனும் தாங்கும் என்று சொல்வதற்கில்லை.

கூரை ஒழுகினால் அதைச் சீர்செய்ய ஆள் வேண்டும். யாரை அழைப்பது? அவர் நம்பத் தகுந்தவர் என்பதை எவ்வாறு அறிவது? அவர் செய்யும் வேலை சரியான வேலைதானா என்பதைத் தொழில் தெரியாத நாம் எப்படிக் கண்டுகொள்வது? இக்கேள்விகளுக்கு இயன்ற விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், பழுதுபார்க்க வேண்டிய கூரை யாருடையது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். தாராவியில் தனி வீடுகளில் வாழ்பவர்கள் பெரும்பாலும் தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ உடையவர்கள். அவர்கள் தாமே ஆளைத் தேடித் தாமே பணம் கொடுக்கிறார்கள். கூரையை மாற்றும்போது சுவரையும் உயர்த்திக்கொள்ளலாம் என்று மேஸ்திரி ஆசை காட்டுவதுண்டு. குடிசைப் பகுதி வீடுகளுக்கு 14 அடி உயர வரம்பு இருப்பதை அப்போது மறந்துவிடலாகாது. மாதுங்காவில், நகர அபிவிருத்தி டிரஸ்ட் வகுத்த மனைகளில் எழுந்த பழைய மாடிக் கட்டடங்கள் பல. அவற்றில் 1969 செப்டம்பர் 30க்கு முன்னர் கட்டப்பட்டு 'செஸ்' வரி செலுத்தும் வாடகைக் கட்டடங்களாயின், பழுதுபார்ப்பதற்கென மாநில வீட்டுவசதி அமைப்பாகிய 'மாடா'வின் கீழ் தனி வாரியம் உண்டு. செம்பூரிலோ கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள் மிகுதி. மொட்டைமாடி சங்கம் முழுமைக்கும் பொது. அதன் வழியே மழைநீர் கசிந்தால், சீர்செய்வது சங்கத்தின் செலவு என்று மாதிரித் துணைவிதிகள் தெளிவாகக் கூறுகின்றன. மேல்தளத்தில் இருப்பவர் தம் கைப்பணத்தைச் செலவிட்டு ஆளை அழைக்கும் முன் இதை அறிந்திருப்பது நலம்.

இனி, நமக்கே நேர்ந்த ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். செம்பூரில் நாம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடி ஒழுகத் தொடங்கியது. சங்கக் கூட்டத்தில் யாரை அழைப்பது என்ற பேச்சு வந்தபோது, நம் மாவட்டத்துக்காரர் ஒருவரின் பெயரை நாமே முன்மொழிந்தோம். அவர் பல ஆண்டுகளாக இத்தொழில் செய்பவர். திருவிழாக்களில் பார்த்துப் பேசிப் பழகியவர். வேறு மதிப்பீடு எதுவும் வாங்கவில்லை. ஒப்பந்தம் எழுதலாமா என்று கேட்டபோது அவர் சிரித்தார். "அண்ணாச்சி, நமக்குள்ளே எதற்குக் காகிதம்? பத்து வருஷத்துக்கு ஒரு சொட்டு இறங்காது, அதற்கு நான் பொறுப்பு" என்றார். அச்சொல்லைக் கேட்டு, காகிதத்தைப் பற்றிப் பேசியதற்காக நாம் சற்று வெட்கப்பட்டோம் என்பதே உண்மை.

வேலை பன்னிரண்டு நாளில் முடிந்தது. முதல் மழைக்காலம் நன்றாகவே கழிந்தது. இரண்டாம் மழைக்காலத்தில் மேல்தள வீடு மூன்றிலும் நீர் இறங்கியது. அவற்றில் ஒன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மனைவியுடன் இருந்தார். ஓய்வூதியத்திலிருந்து பங்குத் தொகையைச் செலுத்தியவர் அவர். அந்த ஆண்டு ஜூலையில் இரவெல்லாம் பாத்திரங்களை மாற்றி மாற்றி வைத்து விழித்திருந்தார். அவருடைய புத்தக அலமாரி நனைந்து பாழாயிற்று. அவர் நம்மை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே நம்மை அதிகம் வருத்தியது.

ஒப்பந்தக்காரரை அழைத்தோம், வருகிறேன் என்றார், வரவில்லை. வழக்கறிஞர் ஒருவரிடம் சென்றோம். அவர் மூன்றே கேள்விகள் கேட்டார். என்ன வேலை செய்வதாக அவர் ஒப்புக்கொண்டார்? என்ன பொருளை, எவ்வளவு கனத்தில் போடுவதாகச் சொன்னார்? எத்தனை ஆண்டுக்கு எதற்குப் பொறுப்பேற்றார்? நம் கையில் இருந்த ரசீதில் 'மாடி வேலைக்காக' என்ற இரண்டு சொற்களே இருந்தன.

அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பது நமது தொழில். ஒப்பந்தங்களின் வாசகங்களை நாள்தோறும் பார்க்கிறோம். 'நல்ல தரமான', 'தேவையான அளவு', 'சரியான முறையில்' என்ற சொற்கள் வரும் இடத்திலெல்லாம் பின்னர் தகராறு வரும் என்பது நாம் அறிந்த விஷயம். அவ்வளவும் அறிந்திருந்தும், நம் சொந்தக் கூரைக்கு அத்தகைய சொற்களைக்கூட எழுதி வாங்கவில்லை. மழை பிற்பாடுதான் வந்தது; ஓட்டை அன்றே, அந்தப் பேச்சிலேயே விழுந்துவிட்டது. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று நம் முன்னோர் சொன்னது ஆற்றுக்கு மட்டுமன்று, கூரைக்கும் பொருந்தும்.

தொழில் தெரிந்தவரா என்பதை அரசாங்கமே சோதித்துச் சொல்லாதா என்று நேயர்கள் கேட்கலாம். மின்சார வேலைக்கு உரிமம் பெற்றவர் வேண்டும். மும்பையில் குழாய் வேலைக்கும் மாநகராட்சி உரிமம் பெற்றவர்கள் உண்டு. ஆனால் வீட்டுக் கூரை வேய்பவருக்கென்று இத்தகைய தேர்வோ உரிமமோ இங்கில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கூரை ஒப்பந்தக்காரர் அரசு உரிமம் பெற்றிருக்க வேண்டும். நம் நாட்டில் ஏணியும் கரண்டியும் வைத்திருப்பவர் எவரும் நாளைக் காலையில் கூரை ஒப்பந்தக்காரர் ஆகலாம். ஜி.எஸ்.டி. எண் இருப்பது வரி செலுத்துவதற்குச் சான்றே தவிர, வேலைத் திறமைக்குச் சான்று ஆகாது. ஆண்டு வருமானம் குறைந்த நேர்மையான சிறு மேஸ்திரிக்கு அந்த எண் இல்லாமலும் இருக்கலாம்.

ஆளுக்கு உரிமம் இல்லை என்பது உண்மை. ஆனால் வேலைக்கு அளவுகோல் உண்டு. இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1947ஆம் ஆண்டு தோன்றியது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1987 ஏப்ரலில் அது இந்தியத் தர அமைவனம் என்ற அமைப்பாக மாறியது. நாமெல்லாரும் அறிந்த ஐ.எஸ்.ஐ. முத்திரையை வழங்குவது இதுவே. தகரத்துக்கு ஒரு தரம், ஓட்டுக்கு ஒரு தரம், நீர்க்காப்பு மருந்துக்கு ஒரு தரம், சாரம் கட்டுவதற்கு ஒரு தரம் என எண்ணிட்டு அது வெளியிட்டிருக்கிறது. வேலையை எவ்வாறு செய்வது என்பதை மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்புகள் படிப்படியாகக் கூறுகின்றன. இவை பொறியாளருக்கு மட்டும் உரிய நூல்கள் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். உண்மையில் இவை வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் இடையே ஒரு பொதுமொழி. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் கைவினைஞர் தம் வேலையின் இடம், காலம், வகை ஆகியவற்றை முன்னதாக உறுதிசெய்துகொண்டு முடிக்க வேண்டும் என விதிக்கிறது. அந்தப் பழைய நீதியைத்தான் இன்றைய தரங்கள் மில்லிமீட்டரில் எழுதிவைத்திருக்கின்றன.

தகரக் கூரையை முதலில் எடுத்துக்கொள்வோம். மும்பைக் கடைத்தெருவில் 'பத்ரா' என்று கேட்டால் கிடைப்பது நெளிவுத் தகரம். கடைக்காரர் அதன் கனத்தைப் பெரும்பாலும் 'கேஜ்' கணக்கில் சொல்வார். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலிதாகும் என்பதை அறியாதவர்கள், பெரிய எண்ணைக் கேட்டு மகிழ்ந்து மெல்லிய தகட்டை வாங்கி வருவதுண்டு. ஆகையால் கனத்தை மில்லிமீட்டரிலேயே கேட்க வேண்டும். அடுத்தது துத்தநாகப் பூச்சு. இது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில் அளக்கப்படுகிறது. 275 கிராம் பூச்சுள்ள தகடும் உண்டு, 120 கிராம் பூச்சுள்ளதும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். ஆனால் கடற்காற்றும் நான்கு மாத ஈரமும் சேர்ந்த இந்நகரில், பூச்சு குறைந்தது முன்னதாகத் துருப்பிடிக்கும். துத்தநாகத் தகட்டுக்கு ஐ.எஸ். 277 என்ற எண்ணும், வண்ணம் பூசிய தகட்டுக்கு ஐ.எஸ். 14246 என்ற எண்ணும் உரியவை. முத்திரையின் மேலே தர எண்ணும், கீழே உற்பத்தியாளரின் உரிம எண்ணும் அச்சிட்டிருக்கும். அந்த உரிம எண் மெய்யானதா என்பதைத் தர அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைப்பேசிச் செயலியில் எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

தகடு நல்லதாயிருந்தால் போதாது; வேயும் முறையும் சரியாக இருக்க வேண்டும். பொதுப்பணித் துறை விவரக்குறிப்பின்படி, கூரைச் சரிவு கிடையாக ஐந்தடிக்கு ஓரடிக்குக் குறையலாகாது. மூன்றடிக்கு ஓரடி என்பது வழக்கமான சரிவு. ஒரு தகட்டின் மேல் மற்றொன்று பக்கவாட்டில் இரண்டு நெளிவு ஏறியிருக்க வேண்டும். மேலும் கீழுமாகச் சேரும் இடத்தில் குறைந்தது 150 மில்லிமீட்டர் மேலேற்றம் வேண்டும்; சரிவு தட்டையாக இருப்பின் 200 மில்லிமீட்டர் வேண்டும். தாராவி வீடுகளில் உயர வரம்பின் காரணமாகக் கூரை பெரும்பாலும் தட்டையாகவே அமைகிறது. எனவே அங்கே 200 மில்லிமீட்டர் என்று கேட்பதே முறை. தகட்டை மிச்சம் பிடிக்க விரும்பும் மேஸ்திரி கைவைக்கும் முதல் இடம் இந்த மேலேற்றந்தான். நான்கு விரல் அளவு ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுவார். காற்று கீழிருந்து மழையைத் தள்ளும்போது நீர் அந்த இடுக்கின் வழியே ஏறி உள்ளே வரும்.

போல்ட்டுக்கான துளை நெளிவின் மேட்டில் இருக்க வேண்டும். நீர் ஓடும் பள்ளத்தில் இருக்கலாகாது. ஆணியால் அடித்துக் கிழிக்காமல் துரப்பணத்தால் துளையிட வேண்டும். ஒவ்வொரு போல்ட்டின் கீழும் நீர் புகாத வாஷர் வேண்டும். தென்மேற்கிலிருந்து வீசும் காற்று மழையைக் கொண்டுவருவதால், காற்றுக்கு எதிர்ப்பக்கத்து ஓரத்திலிருந்து வேயத் தொடங்க வேண்டும். அப்போதுதான் இணைப்பின் வாய் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். இச்சிறு நுணுக்கத்தை அறிந்தவரா என்பதை, "எந்த ஓரத்திலிருந்து தொடங்குவீர்கள்?" என்ற ஒரே கேள்வியால் அறிந்துவிடலாம்.

காற்றின் வேகமும் கருதத்தக்கது. 2021 மே 17 அன்று 'டவ்தே' புயல் மும்பைக் கரையை ஒட்டிச் சென்றபோது, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்று வீசியது. கட்டடங்களுக்கான காற்றுச் சுமைத் தரமாகிய ஐ.எஸ். 875, மும்பைக்கு வினாடிக்கு 44 மீட்டர் வேகத்தை அடிப்படையாக வைத்துள்ளது. அது மணிக்கு ஏறத்தாழ 158 கிலோமீட்டர். பலமான காற்று கூரையை அழுத்துவதைக் காட்டிலும் மேல்நோக்கி உறிஞ்சித் தூக்குவதே மிகுதி. கூரைமீது கல்லையும் பழைய டயரையும் ஏற்றிவைப்பது இதைத் தடுக்காது; பெருங்காற்றில் அந்தக் கல்லே தெருவில் போவோர்மேல் விழும். கூரையைச் சட்டத்தோடு கொக்கி போல்ட்டால் பிணைப்பதொன்றே காப்பு.

இனி மொட்டைமாடிக்கு வருவோம். மும்பையில் 'கோபா' என்று வழங்கும் முறை நமக்கு அந்நியமானதன்று. நம் ஊர்ப் பழைய வீடுகளில் மாடித் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். கோபாவும் அதே குடும்பம்தான். சுண்ணாம்பின் இடத்தில் சிமெண்டும் நீர்க்காப்பு மருந்தும் வந்திருக்கின்றன. உடைத்த செங்கல்லை அடுக்கி, இடுக்குகளைச் சிமெண்டுக் கலவையால் நிரப்பி, நீர் வடியும் துளையை நோக்கிச் சரிவு கொடுத்து, மேலே வழுவழுப்பாகப் பூசுவது இதன் முறை. பொதுப்பணித் துறைக் கணக்கில் சராசரிக் கனம் 120 மில்லிமீட்டர். வடிதுளை அருகில் மிகக் குறைந்தது 65 மில்லிமீட்டர். நீர்க்காப்பு மருந்து ஐ.எஸ். 2645 தரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வேலை முடிந்தபின் மாடியில் நீரைத் தேக்கி இரண்டு வாரம் பதப்படுத்த வேண்டும். அப்போதே கீழ்த்தளக் கூரையில் ஈரம் தென்படுகிறதா என்று பார்த்தால், அதுவே சோதனையும் ஆகிவிடும்.

நம் கட்டடத்தில் நடந்தது என்னவென்று பின்னர் ஒரு பொறியாளர் கொத்திப் பார்த்துச் சொன்னார். பழைய கோபாவில் விரிசல் கண்ட இடங்களை அகற்றவே இல்லை. அதன்மேல் ஓர் அங்குலத்துக்கும் குறைந்த சிமெண்டுப் பூச்சும், ஒரு வண்ண மருந்தும் மட்டும் போடப்பட்டிருந்தன. இரண்டு வாரம் தேங்க வேண்டிய நீர் நான்கு நாள்கூடத் தேங்கவில்லை. மதில் சுவரும் தளமும் சேரும் மூலையில் வளைவுப் பூச்சு இல்லை. இவற்றில் எதையும் நாம் வேலை நடக்கும்போது கவனிக்கவில்லை. என்ன பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால் அன்றோ கவனிப்பதற்கு!

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய கோபாவை எடுக்காமல் அதன்மேல் புதிய கோபா போடலாம் என்று சொல்பவரை மிகவும் ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டும். 120 மில்லிமீட்டர் கோபாவின் எடை சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்குக் குறையாது. கம்பி துருப்பிடித்த பழைய மாடி அந்தப் பாரத்தை இருமுறை சுமக்குமா என்பதை மேஸ்திரி சொல்லக்கூடாது; கட்டமைப்புப் பொறியாளர் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டு கடந்த கட்டடங்கள் மாநகராட்சியில் பதிவுபெற்ற பொறியாளரைக் கொண்டு உறுதித்தன்மைச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவு. மாதுங்கா, செம்பூர்க் கட்டடங்களில் இவ்வயதைக் கடந்தவை ஏராளம்.

கூரையின்மேல் ஏறுபவரின் உயிரும் நம் பொறுப்பில் சேர்ந்ததே. ஆஸ்பெஸ்டாஸ் தகடு பழையதாகும்போது வெளிக்குத் திடமாகத் தோன்றினாலும், ஓர் ஆளின் எடை தாங்காமல் உடைந்துவிடும். குறுக்கே பலகை இட்டு அதன்மேல் நடப்பதும், இடுப்பில் கயிறு பிணைப்பதும் கட்டாயம். ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் விளைவிப்பது என உலகச் சுகாதார நிறுவனம் உறுதியாகக் கூறியுள்ளது. ஆகவே பழைய தகட்டை உலர்ந்த நிலையில் யந்திரத்தால் அறுப்பதும், உடைத்துச் சந்தில் எறிவதும் பெருந்தீங்கு. நீர் நனைத்து, உடைக்காமல் முழுதாகக் கழற்ற வேண்டும். "உங்கள் ஆட்களுக்குக் கயிறும் பலகையும் உண்டா?" என்று கேளுங்கள். அதற்குச் சிரிப்பவர், தம் ஆளின் உயிரை அளக்காதவர். உங்கள் கூரையையும் அளக்கமாட்டார்.

அப்படியானால் ஆளைத் தேர்வது எவ்வாறு? திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் ஒருங்கே துன்பம் தரும் என்பது அதன் கருத்து. ஆராய்ச்சி முன்னர், நம்பிக்கை பின்னர். அந்த வரிசையை மாற்றியதே நாம் செய்த பிழை.

முதலாவதாக, குறைந்தது மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்க வேண்டும். மூவருக்கும் வேலை விவரம் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லையேல் விலையை ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒருவர் கோபாவுக்கும் மற்றொருவர் வெறும் பூச்சுக்கும் விலை சொன்னால், மலிவாகத் தோன்றுவது மலிவாகிவிடாது.

இரண்டாவதாக, அவர் செய்து இரண்டு மழைக்காலமேனும் கண்ட கூரைகளை நேரில் சென்று பார்க்க வேண்டும். நேற்று முடித்த வேலை எவருடையதாயினும் அழகாகத்தான் இருக்கும். அவ்வீட்டுக்காரரிடம், "ஒழுகியதா?" என்று மட்டும் கேளாமல், "ஒழுகியபோது கூப்பிட்டால் வந்தாரா?" என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, அவர் கூரைமேல் ஏறிப் பார்த்துவிட்டு விலை சொல்கிறாரா, கீழே நின்றபடியே சொல்கிறாரா என்பதைக் கவனிக்க வேண்டும். நீர் நுழையும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. காரணம் தேடாதவர் மருந்து மட்டும் பூசிப் போவார்.

நான்காவதாக, உத்தரவாதம். பாதி விலைக்கு இருபது ஆண்டு உத்தரவாதம் என்று ஒருவர் சொன்னால், கேழ்வரகில் நெய் வடிகிற கதையை நினைத்துக்கொள்ள வேண்டும். மருந்து செய்த கம்பெனி தரும் உத்தரவாதம் வேறு. பூசியவர் தரும் உத்தரவாதம் வேறு. முன்னதில் பொருள் மட்டும் கிடைக்கும். கூலி கிடைக்காமல் போகலாம். எது யாருடையது என்பதை எழுத்தில் கேட்க வேண்டும்.

ஐந்தாவதாக, காலம். மே மாதத்தில் நல்ல மேஸ்திரிகள் எல்லாரும் வேலையில் இருப்பர். நாக்காவில் நிற்பவரை அவசரத்துக்கு அழைக்க நேரும். கோபா நீரில் ஊற இரண்டு வாரம் வேண்டுமாதலால், ஏப்ரல் தொடக்கத்திலேனும் வேலை ஆரம்பமாக வேண்டும். தீபாவளி கழிந்ததும் ஆள் தேடத் தொடங்குபவர் நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆளைத் தெரிந்தபின் எழுத வேண்டியது ஒரே ஒரு தாள். வேலை செய்யும் பரப்பு, பழையதை எடுப்பதா இல்லையா, பொருளின் பெயரும் ஐ.எஸ். எண்ணும், கனம், மேலேற்றம், சரிவு, தொடங்கும் நாள், முடியும் நாள், நீர்ச் சோதனை, குப்பையை அகற்றும் பொறுப்பு, மொத்தத் தொகை, உத்தரவாதக் காலம் ஆகியவற்றை வரிசையாக எழுதி இருவரும் கையொப்பமிட்டால் போதும். வாய்மொழி ஒப்பந்தமும் சட்டத்தில் ஒப்பந்தமே. ஆனால் அதை மெய்ப்பிப்பது யார்? பணத்தையும் வேலையின் படிகளுக்கேற்பக் கொடுக்க வேண்டும். பொருள் வந்து இறங்கியபின் ஒரு பகுதி, பழையது அகற்றியபின் ஒரு பகுதி, சோதனை முடிந்தபின் ஒரு பகுதி எனப் பிரித்துக்கொள்ளலாம். அரசாங்க வேலைகளில் ஒப்பந்தக்காரரின் தொகையில் ஒரு பங்கைக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும்வரை நிறுத்திவைப்பது வழக்கம். நாமும் பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் கழியும்வரை வைத்திருக்கலாம் என்று முன்னதாகவே பேசி எழுதிக்கொள்வது நியாயம். முடிவில் திடீரென்று பிடித்துக்கொள்வது நியாயமன்று.

கூரை மூடப்படுமுன் ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் எடுத்துவைப்பது எளிது. அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த ஒரு படம் பத்துச் சாட்சிகளுக்குச் சமம்.

இவ்வளவுக்குப் பின்னும் தவறு நேர்ந்தால், முதலில் குறையை எழுத்தில் தெரிவித்துக் கால அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்கும் பயனில்லையாயின், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. வீடு கட்டும் பணியும் நுகர்வோர் சட்டத்தில் 'சேவை'யே என்று உச்ச நீதிமன்றம் 1993ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது. மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த இரண்டாண்டுக்குள் முறையிட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம். எனினும் ஆணையமும் முதலில் கேட்பது அந்த ஒரு தாளைத்தான்.

நம் கட்டடத்துக் கதையின் முடிவையும் சொல்லிவிடுவோம். சங்கம் இரண்டாம் முறை பணம் திரட்டியது. பொறியாளர் வேலை விவரம் எழுதிக் கொடுத்தார். மூன்று மதிப்பீடுகள் வந்தன. பழைய கோபா முழுவதையும் அகற்றிப் புதியது போடப்பட்டது. ஆசிரியர் வீட்டில் இப்போது பாத்திரம் வைப்பதில்லை. சில மாதங்கள் கழித்து அந்தப் பழைய ஒப்பந்தக்காரரை ஒரு திருமணத்தில் சந்தித்தோம். அவர் சொன்னது இன்றும் நினைவில் நிற்கிறது: "அண்ணாச்சி, நீங்கள் கொடுத்த தொகைக்கு அந்தப் பூச்சுத்தான் வரும். கோபா வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தால், அதற்கான விலையைச் சொல்லியிருப்பேன்." அவர் சொன்னதில் சாக்குப்போக்கு பாதி, உண்மையும் பாதி. பத்து ஆண்டு என்று அவர் சொன்னது தவறு. எதற்குப் பத்து ஆண்டு என்று கேளாதது நம் தவறு. அதன்பின் நாங்கள் இருவரும் முன்போல் பேசிக்கொள்வதில்லை.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு ஊர்ப்பற்று ஒரு பெரிய ஆதரவு. வேலை தேடித் தருவதும், வாடகை வீடு பிடித்துத் தருவதும், நோயில் துணை இருப்பதும் நம்மவர்தாம். அந்த நம்பிக்கையைக் கைவிடும்படி நாம் கூறவில்லை. நம்மவருக்கே வேலை கொடுங்கள். ஆனால் அளந்து கொடுங்கள். காகிதம் கேட்பது அவரை ஐயுறுவதாகாது. எழுதிய தாள் வீட்டுக்காரரைக் காப்பதுபோலவே, பேசியதற்கு மேல் வேலை கேட்பவரிடமிருந்து நேர்மையான மேஸ்திரியையும் காக்கிறது. எழுதத் தயங்காத மேஸ்திரியும், எழுதிக் கேட்கத் தயங்காத வீட்டுக்காரரும் சேர்ந்தால், கூரையும் நிற்கும். அடுத்த திருவிழாவில் இருவரும் முகம் பார்த்துப் பேசவும் முடியும்.